கரும்புத் தொட்டிலும் பேசாத பிள்ளையும்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலையின் மாட வீதிகளில் மகாரதம் நகரும்போது, தேரைவிட என் கண் தேடுவது கரும்புத் தொட்டில்களைத்தான். நீளமான கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவே புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, அதில் கைக்குழந்தையைக் கிடத்தி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தோளில் சுமந்து வலம் வருவார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்களின் நேர்த்திக்கடன் அது. மகப்பேறு இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு அருணாசலேசுவரரே மகனாக வந்தார், இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அந்த அரசனுக்குத் திதி கொடுக்கிறார் என்று நம்புகிற ஊர் இது. பிள்ளையின் அருமையை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படிச் சுமந்து வந்த பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்போது அதனிடம் யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

என் உறவில் ஒரு பையன். சென்ற ஆண்டு பார்த்தபோது இரண்டரை வயது. ஓடுவான், சிரிப்பான், கைப்பேசியை எடுத்து வேண்டிய காணொளியைத் தானே தள்ளித் தள்ளித் தேடிப் போட்டுக்கொள்வான். சொற்கள் பதினைந்துக்கு மேல் இல்லை. அவற்றில் பாதிக்கு மேல் ஆங்கில நிறங்களும் விலங்குகளும். படத்தில் யானையைக் காட்டினால் 'எலிஃபன்ட்' என்று பிசிறில்லாமல் சொல்கிறவன், தாகமெடுத்தபோது தாயின் கையைப் பிடித்துக் குடத்தை நோக்கி இழுத்தான். யானை அவன் நாளில் எங்குமே இல்லை. தண்ணீர் இருந்தது, அதற்கு அவனிடம் சொல் இல்லை.

அவனை 'ப்ரீ கேஜி'யில் சேர்க்கப் போன பள்ளியில் (பெயர் வேண்டாம், இந்தப் பள்ளி இல்லையென்றால் அடுத்த தெருப் பள்ளி) பெற்றோருக்கு ஓர் அறிவுரை கிடைத்தது: வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். கிணற்றடிச் சண்டை ஒன்றை அரை மணி நேரம், நான்கு பேரின் குரலில், கேட்பவர் எழுந்து போக முடியாதபடி சொல்லக்கூடியவள். அறிவுரையை அவள் சிரத்தையாகக் கடைப்பிடித்தாள். அன்றிலிருந்து மகனிடம் அவள் பேசியது கம், சிட், ஈட், ஓப்பன், குட் பாய், டோன்ட் டச். எண்ணிப் பார்த்தால் நாற்பது கட்டளைகள் தேறும். கதை சொல்லியாக இருந்த ஒரு தாயை ஒரே நாளில் காவலாளியாக மாற்றிவிட்டார்கள். பள்ளி அவளிடமிருந்து பறித்தது எவ்வளவு என்று அந்தப் பள்ளிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அங்கே ஆங்கிலம் சொல்லித் தரக் கூடாதென்று நான் வாதாடவில்லை. இரண்டு மூன்று மொழிகளைக் குழந்தை ஒருசேரக் கற்கும். இந்த மாவட்டத்திலேயே வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக, வீட்டில் உருதும் கடையில் தமிழுமாக வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஒவ்வொரு மொழியிலும் சரளமாகப் பேசுகிற மனிதர்கள் வாய்த்தார்கள். சரளமில்லாத மொழியில் பேசச் சொல்லித் தாயைக் கட்டாயப்படுத்துவது வேறு. அது பிள்ளைக்கு இரண்டாவது மொழியைத் தருவதில்லை, முதல் மொழியை எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பையனுக்குப் பேச்சு வரவில்லையே என்று நான் கவலைப்பட்டபோது வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்ன சமாதானம் நம் இலக்கியத்திலிருந்தே வந்தது. குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லையே, பிறகு பாடவில்லையா? இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதன் பாதியை விட்டுவிடுகிறார்கள். பேசாத பிள்ளையைப் பெற்றவர்கள் 'தானாக வரும்' என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய், சந்நிதியிலேயே கிடந்தார்கள். அவர்கள் காலத்தில் அவர்கள் அறிந்த ஆகப் பெரிய மருத்துவமனை அதுதான். இன்றைக்குத் திருச்செந்தூர் போகிறவர்கள் போகட்டும், போகிற வழியில் பிள்ளையின் காதைச் சோதித்துவிட்டுப் போகட்டும்.

காது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பேசாத பிள்ளைகளில் ஒரு பகுதி கேளாத பிள்ளைகள். பிறந்து ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருந்தால் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பது உலகெங்கும் செவியியல் நிபுணர்கள் வகுத்துக்கொண்டிருக்கிற வரிசை. இங்கே 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. காது நத்தை எலும்பில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையைச் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமே ஏற்கிறது. வயது கூடக் கூட அதன் பயன் குறையும். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரு சொற்களைச் சேர்க்கவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால் அது காத்திருக்க வேண்டிய சங்கதி இல்லை. புராணத்தை மேற்கோள் காட்டி ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடுகிறோம். கருவி பொருத்த முடியாத குழந்தைக்கும் சைகை மொழி என்ற முழுமையான மொழி ஒன்று உண்டு. அதையும் அந்த வயதிலேயே, கையால் பதில் சொல்லும் மனிதர்களிடம்தான் கற்க முடியும்.

இனி, குறையேதும் இல்லாத காதுகளுக்கு வருவோம். 1980-இல் டிகாஸ்பர், ஃபிஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், தாயின் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக ரப்பர்க் காம்பை உறிஞ்சும் தாளத்தையே மாற்றிக்கொண்டதைக் காட்டினார்கள். 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியின் 'ட', 'த' வேறுபாடு. ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீட்டின் ஆறேழு மாதக் குழந்தைகள் அதைப் பிசகாமல் பிரித்து உணர்ந்தன, ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெருமளவு மங்கிவிட்டது. எல்லா மொழிக்கும் திறந்த காதோடு பிறந்து, தன்னைச் சுற்றிப் பேசப்படுவதைக்கொண்டு காதைச் செதுக்கிக்கொள்கிறது குழந்தை.

'அப்படியானால் கைப்பேசியில் பாட்டு ஓடுகிறதே, அதுவும் காதில் விழுகிறதுதானே' என்று கேட்கலாம். பாட்ரிஷியா கூலும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். அமெரிக்காவின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழி கேட்கவைத்தார்கள். எதிரே உட்கார்ந்து புத்தகமும் பொம்மையுமாகப் பேசிய மனிதரிடமிருந்து குழந்தைகள் சீன ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் எதையுமே கற்கவில்லை. பின்னாளில், 2018-இல், ரேச்சல் ரோமியோ முதலியோர் நான்கு முதல் ஆறு வயது வரையிலான 36 குழந்தைகளை ஆராய்ந்தபோது, மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு தொடர்புற்றிருந்தது குழந்தை கேட்ட சொற்களின் தொகை இல்லை என்று கண்டார்கள். பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கையே தொடர்புற்றிருந்தது. வீட்டு வருமானத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல், இரண்டு வயது நிறையாத குழந்தைகளைத் திரைமுன் உட்காரவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், தள்ளுவண்டியில் போகும் பிள்ளைகளில் எத்தனை பேரின் முகத்தில் நிலா வெளிச்சம் விழுகிறது, எத்தனை பேரின் முகத்தில் திரை வெளிச்சம் விழுகிறது என்று.

நிலா என்றதும் நமக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தாக வேண்டும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று பருவங்களை மாதக் கணக்கில் அடுக்கிய மரபு அது. 'தால்' என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. அம்புலிப் பருவத்தைப் பாருங்கள்: தாயும் பிள்ளையும் மூன்றாவது பொருளொன்றைச் சேர்ந்து நோக்கி, அதைப் பேச்சுக்குள் இழுக்கிறார்கள். சுட்டுவிரலும் சொல்லும் ஒரே பொருளில் சந்திக்கிற அந்தக் கணத்தில்தான் சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதே குழந்தைக்குப் பிடிபடுகிறது என்று ஜெரோம் புரூனர் 1970-களில் எழுதத் தொடங்கினார். நம் கவிகள் அதற்கு ஒரு பருவத்தையே ஒதுக்கியிருந்தார்கள். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஒரு நிமிடம்.

ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைத்தமிழில் பிள்ளை பேசுவதே இல்லை. கடவுளையும் புரவலரையும் பிள்ளையாக்கிக் கவி பேசிக்கொண்டே போகிறார். 'முத்தம் தா' என்கிறார், 'வருக' என்கிறார், 'அம்புலியே ஆட வா' என்கிறார். மறுமொழி இல்லை. நாம் இன்றுவரை செய்துகொண்டிருப்பதும் அதுதான். மொழியைப் பற்றி, மொழிக்காக, மொழியைத் தாயாகவும் கன்னியாகவும் உருவகித்து எழுதித் தீர்க்கிறோம். 2004-இல் செம்மொழி என்று அறிவிக்கப்பட்டது, 2010-இல் கோவையில் மாநாடு கூடியது, ஆய்வரங்கம், அலங்கார ஊர்தி எல்லாம் நடந்தன. தரையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டு, அது பதில் தேடித் தடுமாறும் அரை நிமிடம் காத்திருக்க நமக்குப் பொறுமை இல்லை.

இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு ஆர். நரசிம்மன் என்ற பெயர் தெரியும்? டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில், இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர். அந்தக் கணினி விஞ்ஞானி, ஆர். வைத்தியநாதனோடு சேர்ந்து, ஒரு தமிழ்க் குழந்தைக்கும் அதன் பெற்றோருக்கும் இடையே ஒன்பதாம் மாதத்திலிருந்து முப்பத்து மூன்றாம் மாதம் வரை நடந்த பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கினார். உலகக் குழந்தைமொழித் தரவகத்தில் தமிழுக்கென்று அது இருக்கிறது. தமிழ்த்துறைகள் செய்திருக்க வேண்டிய வேலை. நாம் தொல்காப்பியத்தின் பாடபேதத்துக்காக நாற்பது பின்னூட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். (நானும் எழுதியிருக்கிறேன், மறுக்கவில்லை.)

இங்கே என் மனத்தாங்கல் ஆங்கிலப் பள்ளிக்காரரிடம் மட்டும் இல்லை, நம்மவரிடமும் உண்டு. வட ஆர்க்காட்டுப் பிள்ளை ஒன்று 'மாடு வந்துகினு கீது' என்று ஓடி வருகிறது. பள்ளிக்காரர் 'கௌ' என்று திருத்துகிறார். தமிழன்பர் 'வந்துகொண்டிருக்கிறது என்று சொல்' என்று திருத்துகிறார். மாட்டைப் பார்க்க இருவருமே திரும்பவில்லை. பிள்ளை கொண்டுவந்தது செய்தி. அதற்குக் கிடைத்தது மதிப்பெண். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை அது மாட்டைப் பற்றி நம்மிடம் சொல்ல வராது.

அந்த மூன்று சொற்களில் அந்தப் பிள்ளை என்ன சாதித்திருக்கிறது என்று பாருங்கள். எழுவாயை வைத்து, தொடர்ச்சியைக் காட்டும் துணைவினையைச் சேர்த்து, அஃறிணை ஒருமை விகுதியைச் சரியாகப் பொருத்தியிருக்கிறது. 'வந்துகினு கீறான்' என்று மாட்டைச் சொல்லவில்லை, கவனியுங்கள். பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லியனார்டும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, ஒட்டுநிலை மொழியான தமிழைப் பேசும் குழந்தைகள் வினை விகுதிகளை மிக இளம் வயதிலேயே, மிகக் குறைந்த பிழைகளோடு பிடித்துவிடுவதைக் காட்டியது. நன்னூல் படித்து நாம் தேறாத பகுதி அது. அதைக் 'கொச்சை' என்று ஒதுக்குகிறவர், தமிழ் எங்கிருந்து முளைக்கிறதோ அந்த இடத்தைக் கொத்திவிடுகிறார். ஜவ்வாது மலைப் பிள்ளையின் பேச்சு கீழே சமவெளிப் பிள்ளையின் பேச்சு இல்லை. குருவிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தாய்மொழி வாக்ரிபோலி. அவரவர் வீட்டுப் பேச்சில் பதில் கிடைத்த பிள்ளைக்கு ஏட்டுத் தமிழும் பின்னால் வரும், ஆங்கிலமும் வரும்.

'பெண்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளையிடம் பேச நேரமில்லை' என்று சொல்லிப் பழியைத் தாயின் மடியில் போடும் வழக்கம் இப்போது படித்தவர்களிடம் பரவியிருக்கிறது. அதற்கு ஒரு மேற்கோளும் வைத்திருக்கிறார்கள்: ஏழை வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி ஆகியோர் 1995-இல் எழுதியது. 42 குடும்பங்களில், மாதத்துக்கு ஒரு மணி நேரம் பதிவு செய்து, அதைப் பெருக்கிக் கண்ட கணக்கு அது. அரசு உதவியில் வாழ்ந்த குடும்பங்கள் அதில் ஆறே ஆறு. 2018-இல் டக்ளஸ் ஸ்பெர்ரி முதலியோர், குழந்தையைச் சுற்றி மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்து எண்ணியபோது அந்தப் பெரும் பள்ளம் தென்படவில்லை. மெக்சிகோவின் ட்செல்டால் கிராமங்களில் குழந்தையை நோக்கி நேராகப் பேசுவது மணிக்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவு, ஆனாலும் பிள்ளைகள் உரிய காலத்தில் பேசத் தொடங்குகின்றன என்று 2020-இல் மரிசா காசியாஸ் முதலியோர் எழுதினார்கள். வறுமை வாயைக் கட்டிவிடுவதில்லை. நான் மேலே சொன்ன பெண்ணை ஊமையாக்கியது வறுமையா? கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்ட அறிவுரை.

ஆனால் நேரம் என்பது மெய்யான கேள்வி. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பேருந்து பேருந்தாகப் பெண்கள் போகிறார்கள். விடியலில் ஏறுகிறவள் இருட்டிய பின் இறங்குகிறாள். 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. காப்பகத்தில் தொட்டில் எத்தனை என்று ஆய்வாளர் எண்ணுவார். பேச ஆள் உண்டா என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

கட்டமில்லாத அந்தக் கேள்விதான் நம் அங்கன்வாடிக்கும். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணியின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. தமிழ்நாட்டின் சாதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1982 ஜூலை 1-இல் சத்துணவு கிராமங்களில் தொடங்கியபோதே இரண்டு வயது தாண்டிய பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இன்று இருக்கின்றன. பசித்த வயிற்றுக்கு மொழி ஏறாது, அதை முதலில் கண்டுகொண்ட மாநிலம் இது. வயிற்றோடு நின்றுவிட்டோம் என்பதுதான் என் புகார். எடை பார்க்கிறோம், உயரம் அளக்கிறோம், 2021 முதல் அதைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றுகிறோம். ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளர் அடுப்படியில். பணியாளர் பதிவேட்டில், தடுப்பூசி முகாமில், இணை உணவு மாவுப் பொட்டலக் கணக்கில், வாக்காளர் பட்டியலில். பேசுவதற்கு மிச்சமிருப்பது யார்?

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022 ஜூனில் அவற்றை நிறுத்துவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே தொடரும் என்றார்கள். அந்த நாட்களில் நான் வாசித்த விவாதங்கள் எல்லாம் ஆங்கிலம் வேண்டுமா, ஆசிரியர் எந்த நிலையினர், செலவு யாருடையது என்பவை. அந்த அறைக்குள் ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை வாக்கியம் பேசுகிறது என்று எவரும் கேட்டதை நான் வாசிக்கவில்லை. அரசாங்கத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: மையத்துக்கு ஒரு கூடுதல் ஆள், பதிவேடு தொடாத ஆள், பிள்ளைகளின் வீட்டுப் பேச்சிலேயே பேசத் தெரிந்த உள்ளூர்ப் பெண். தகுதிச் சான்றிதழைவிட ஊர்க்கதை தெரிந்திருப்பது முக்கியம் என்று அரசாணையில் எழுத முடியாதென்றால், ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்து நவீனத்துவம் பேசிக்கொண்டிருக்கும் நம்மில் சிலராவது காலையில் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காரலாம்.

நான் சில மாதங்களாகப் போகிறேன். நகரத்தை ஒட்டிய ஒரு மையம். முதல் வாரம் பாரதியின் பாப்பா பாட்டைச் சொல்லிக் கொடுத்து, சேர்ந்திசைக்கவைத்து, மகிழ்ந்து வீடு திரும்பினேன். பாடினார்களே தவிர, ஒரு பிள்ளையும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. பேச்சு நடந்தது எங்கே தெரியுமா? அடுப்படி வாசலில். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த உதவியாளர் அம்மா, சேர்ந்து ஒரு மாதமாகியும் வாய் திறக்காத மூன்று வயதுச் சிறுமியிடம் ஒரு கொத்தை நீட்டி, உருவச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"நேத்து உங்க வூட்ல இன்னா கொழம்பு?"

சிறுமி கீரையைப் பார்த்தாள். அந்த அம்மாள் திரும்பக் கேட்கவில்லை, பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை, அடுத்த கொத்தை உருவ ஆரம்பித்தார். நான் குறுக்கிட வாயெடுத்ததைக் கண்ணாலேயே அடக்கினார். நான்கு கொத்து முடிந்திருக்கும்.

"மீனு."

"மீனா! யாரு புட்ச்சாந்தா?"

"தாத்தா. ஏரில. பெர்ச்சு."

"எம்மாம் பெர்சு?"

சிறுமி கீரையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள்.